ரத்தம் வராத வாய்

எங்கள் அறிவிப்பாளர் பயிற்சி மாலை வகுப்பில் மைக் ஒன்றுதான் இருக்கிறது. அதன் தலையில் வெள்ளைப் பஞ்சுறை. பதினொரு பேர் முறை வைத்துப் பேசுகிறோம். அன்று நான் ஐந்தாவது. ஆறாவது ஆள் மைக்கைக் கையில் வாங்கினான், பார்த்தான், பேசாமல் மேசைமேல் வைத்துவிட்டான். பஞ்சுறையில் கடுகளவு சிவப்புப் புள்ளி.

"யாருப்பா மைக்கக் கடிச்சு வெச்சது?" என்றார் ஆசிரியை. பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மைக் மேடம் என்போம்.

நான் கை தூக்கினேன். தூக்கிய பிறகு, அது நான்காவது ஆளுடையதாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. கையை இறக்குவதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"எத்தன நாளா இப்படி?"

"பல் தேய்க்கும்போது மட்டும்தான் மேடம். ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா ரத்தம் வருது, அதுக்கு ஒரு 'மட்டும்தான்' வேற. விரல்ல ஒரு வருஷம் ரத்தம் வந்தா சும்மா இருப்பியா? எங்க, 'தயவுசெய்து'ன்னு சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தரம்."

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காத்து ஒழுகுது. மேல் முன்பல்லு, இடது பக்கம். தொட்டுப் பாரு, ஆடும்."

தொட்டுப் பார்த்தேன். ஆடியது. கொஞ்சம்தான். ஆனால் பல் என்பது கொஞ்சம்கூட ஆடக் கூடாத பொருள் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்பது வாரத்தில் அறிவிப்பாளர் தேர்வு. மூன்று நடுவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பக்க அறிவிப்பை மைக்கில் படிக்க வேண்டும். அதன் முதல் சொல் 'தயவுசெய்து'. முன்பல் இல்லாமல் அந்தச் சொல்லைச் சொன்னால் சைக்கிள் டியூப் போல் சத்தம் வரும் என்று மேடம் சொன்னார். பகலில் நான் பார்சல் கிடங்கில் பெட்டிகளின் மேல் முகவரிச் சீட்டு ஒட்டுகிறேன். மூன்று வருடமாக ஒட்டுகிறேன். தேர்வில் தேறாவிட்டால் நான்காவது வருடமும் ஒட்டுவேன்.

அன்றே என் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். தேதி, ரத்தம், ஆட்டம். காலையிலும் மாலையிலும் நாக்கு நுனியால் பல்லைத் தள்ளிப் பார்த்துக் குறித்தேன்.

"நாக்க வெச்சு நோண்டாதடா," என்றாள் அக்கா. "நோய் அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி நீயே கழட்டிடுவ போலிருக்கு." அவள் நகலெடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். எந்தக் காகிதமானாலும் மூன்று பிரதி எடுத்துத் தருவாள். எனக்கு அவள் செய்த முதல் உதவி, மருத்துவமனையில் சேர்வதற்கான விண்ணப்பத்தை ஆறு பிரதி எடுத்துக் கொடுத்தது.

"மூணு போதுமேக்கா."

"உனக்கு மூணு. நீ தப்பா எழுதுறதுக்கு மூணு."

பல் மருத்துவமனையின் ஈறுத் துறை மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பதிவாளர். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே காத்திருப்பவர்கள் அவரைக் கறைக்காரர் என்றார்கள்.

"என்ன பிரச்சனை?"

"ஈறுல ரத்தம் வருது சார். பல்லு ஒண்ணு ஆடுது."

"அதை முடிவு பண்ண வேண்டியது நாங்க. நீங்க 'ஆடுவதாகக் கருதுகிறேன்'னு எழுதுங்க."

நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அப்படியே எழுதினேன்.

முதல் வியாழக்கிழமை விளக்க அறை. புதிதாக வந்த முப்பது பேரையும் உட்கார வைத்துத் துறைத் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். அவருடைய பற்கள் மிக அழகாக இருந்தன.

"ஈறு என்பது என்ன?" என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "ஈறு என்பது ஒரு பொறுப்பு. இந்தத் துறை தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினாறு ஆண்டுகளில் இங்கே ஒரே ஒரு தவறான சிகிச்சைகூட நடந்ததில்லை. காரணம், சிகிச்சைக்கு முந்தைய கட்டங்களை நாங்கள் அவ்வளவு கவனமாகச் செய்கிறோம். பலருக்கு அந்தக் கட்டங்களிலேயே பல்லைப் பற்றிய கவலை நீங்கிவிடுகிறது."

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அவர் வாயில் பற்களே இல்லை.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த முப்பத்தோரு விதிகளை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது. உட்கார்ந்திருக்கும்போது எதையாவது எழுதினால் பல்லைத் தள்ளாமல் இருக்கிறேன்.

வெளியே வரும்போது நடைக்கூடத்தில் ஒரு பயிற்சி மருத்துவர் என் வாயைப் பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கையில் சிறிய கண்ணாடி வைத்திருந்தார்.

"பல்லு நல்லாத்தாங்க இருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "அதைப் பிடிச்சிட்டிருக்கிற எலும்புதான் கரையுது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் விழுந்திருக்கு. உள்ள அழுக்கு சேர்ந்து கல்லாயிடுச்சு. பிரஷ் அங்க போகாது. மரத்துப்போக ஊசி போட்டு உள்ள விட்டுச் சுரண்டணும். சுரண்டிட்டா ஈறு இறுகிடும்."

"சுரண்டலைன்னா?"

"ரெண்டு மாசம். ஒரு நாள் சாப்பிடும்போது கையில வந்துடும்."

"அப்ப இப்பவே சுரண்டிடுங்க டாக்டர்."

அவர் கறைக்காரரின் மேசைப் பக்கம் பார்த்தார். "எனக்கும் ஆசதான். உங்க படிவம் இன்னும் ஆரம்பிக்கலயே."

இரண்டாவது வியாழக்கிழமை துலக்கல் தேர்வு. அறையின் நடுவில் ரப்பரில் செய்த பெரிய தாடை ஒன்று இருந்தது. ஆள் உள்ளே உட்காரலாம். துடைப்பக் கட்டை நீளத்துக்கு ஒரு பிரஷ். பிரஷை ஈறோடு நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாகைமானியோடு ஒருவர் பக்கத்தில் நின்று அளந்தார்.

"நாப்பத்தி மூணு," என்றார்.

சாய்த்தேன்.

"நாப்பத்தி ஏழு. எங்க அவசரம்?"

எனக்கு முன்னால் வந்த ஒரு பெரியம்மா ஐந்து முறை தோற்றவராம். பிரஷைத் தூக்கவே முடியவில்லை. "வீட்டுல நான் சின்ன பிரஷ்லதாம்பா தேய்க்கிறேன்," என்று கெஞ்சினார். "வீட்டுல தேய்க்கிறது கணக்குல வராதும்மா," என்றார் பாகைமானிக்காரர்.

நான் எழுபத்தொரு மதிப்பெண் வாங்கித் தேறினேன். அன்று மாலை என் நோட்டில்: ரத்தம், உண்டு. ஆட்டம், நேற்றைவிட ஒரு நூலளவு கூடுதல். நான் மிகையாக எழுதுகிறேனோ என்ற சந்தேகத்தில் 'ஒரு நூலளவு' என்பதை அடித்துவிட்டு 'அரை நூல்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் திரும்பவும் ஒரு நூல் ஆக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம்தான் பல் அளக்கும் அறைக்குள் விட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து படுத்தேன். பயிற்சி மருத்துவர் மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்குள் இறக்கி எண் சொல்வார். கறைக்காரர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். மருத்துவர் 'உறுதி' என்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம்.

எட்டாவது விதிப்படி அளவும் எழுத்தும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். ஆகையால் படிவத்தை என் நெஞ்சின் மேல் வைத்து எழுதினார்கள். ஒன்பதாவது விதிப்படி கறை பட்ட படிவம் செல்லாது.

"மூணு, ரெண்டு, மூணு."

"மூணு, ரெண்டு, மூணு."

"உறுதி."

அந்தப் பல்லுக்கு வந்தார்கள். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழு," என்றார் மருத்துவர்.

கறைக்காரர் ஏழைத் திருப்பிச் சொல்லவில்லை. கம்பியை வெளியே எடுத்தபோது அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு என் சட்டையைத் தப்பித்துப் படிவத்தின் நடுவில் விழுந்திருந்தது. அவர் அதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"செல்லாது. அடுத்த வியாழன்."

"சார், ஈறு நோய்ன்னா ரத்தம் வருமே."

"அதாங்க இந்தத் துறையோட பெரிய தலவலி. ஈறு நோய் இருக்கிறவங்களே வர்றாங்க." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "போன மாசம் ஒருத்தர் வந்தாரு. முப்பத்திரண்டு பல்லு, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு இடம். ஒரு சொட்டு இல்லயே! அப்படி ஒரு படிவம் நான் எழுதினதே இல்ல."

"அவருக்கு என்ன நோய் சார்?"

"நோயெல்லாம் இல்ல. லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரு."

அடுத்த வியாழனும் சொட்டு விழுந்தது. அதற்கடுத்த வியாழன் நான் வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டு போனேன். பஞ்சு இருந்தால் கம்பி போகாது, கம்பி போனால் பஞ்சு இருக்காது. மூன்றாவது படிவமும் செல்லாமல் போயிற்று. வகுப்பில் மைக் மேடம் எனக்கென்று தனிப் பஞ்சுறை வாங்கி வைத்திருந்தார். கறுப்பு நிறம். அதைப் பார்த்தபோது அழுகை வந்தது. நன்றியாலா வேறு எதனாலா என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. சோற்றைக் கடைவாயில் மட்டும் மென்றேன். தும்மல் வந்தால் உதட்டை விரலால் அழுத்திக்கொண்டேன். தூங்கும்போது பல்லை விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் ஒருக்களித்தே படுத்தேன்.

"வேற டாக்டர்கிட்ட போயேண்டா," என்றாள் அக்கா. "அந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் பல்லு தெரியுமா?"

தெருமுனைப் பல் மருத்துவரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டினார். மாட்டிக்கொண்டே, "வேற எங்கயாவது காட்டினீங்களா?" என்றார்.

"ஈறுத் துறையில கோப்பு இருக்கு சார்."

அவர் கையுறையைக் கழற்றினார். அவ்வளவு வேகமாக யாரும் கையுறை கழற்றி நான் பார்த்ததில்லை. "அங்க கோப்பு திறந்திருக்கிற வாயில நான் கை வெச்சா என் உரிமம் போயிடும் தம்பி. கோப்ப முடிச்சிட்டு வாங்க."

"எப்ப முடிப்பாங்க?"

"குணமானதும்."

அடுத்த வியாழன் துறைத் தலைவரே என்னைப் பார்க்க வந்தார். செல்லாத மூன்று படிவங்களும் அவர் கையில் இருந்தன.

"உங்கள் மேல் குறை சொல்லவில்லை," என்றார். "வாய் என்பது ஈரமான இடம். அசைகிறது, கசிகிறது, பேசுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் அறிவியல் செய்வது எவ்வளவு கடினம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு புதிய முறையைக் கொண்டுவந்திருக்கிறோம். உங்கள் வாயை அச்செடுப்போம். பிளாஸ்டர் அச்சு. இனி எல்லாம் அதில்தான்."

ஒரு தட்டு நிறைய இளஞ்சிவப்புக் கூழைக் குழைத்துக் கொண்டுவந்தார்கள். மேல்வரிசைப் பற்கள் அதற்குள் அழுந்த வேண்டும். இறுகியதும் இழுத்து எடுக்க வேண்டும். பயிற்சி மருத்துவரின் நெற்றி வியர்த்திருந்தது. என் காதருகே குனிந்தார்.

"மெதுவாத்தான் எடுப்பேன். ஆனா கூழு பல்லக் கவ்விடும். கூடவே வந்துட்டா..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. என்னால் கேட்கவும் முடியவில்லை, வாய் நிறையக் கூழ். சுவர்க் கடிகாரத்தில் முள் இரண்டு சுற்று வந்தது. அவர் தட்டைப் பிடித்தார். பல் தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்குவதை உணர்ந்தேன். ஒரு நூல். இரண்டு நூல். கண்ணை மூடிக்கொண்டு, தயவுசெய்து, தயவுசெய்து என்று மனதுக்குள் சொன்னேன். சளக்கென்று சத்தம் கேட்டது. நாக்கைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கு," என்றார் பயிற்சி மருத்துவர். "இருக்குங்க."

இரண்டு நாளில் அச்சு தயாரானது. என் வாய் என்று நம்ப முடியவில்லை. வெள்ளையாக, அமைதியாக, என்னைவிட நல்ல நிலையில் இருந்தது. கறைக்காரர் என் அட்டை எண்ணை ஒரு நூலில் கட்டி அதன் கழுத்தில், அதாவது கழுத்து இருந்திருக்கக்கூடிய இடத்தில், மாட்டினார். அச்சை நாற்காலியில் வைத்தார்கள். நானும் உள்ளே போகப் போனேன்.

"உடன் வந்தவர் வெளிய உட்காரணும்," என்றார்.

"நான் யாரோட உடன் சார்?"

"நோயாளியோட." நோட்டைத் திருப்பிக் காட்டினார். நோயாளி என்ற கட்டத்தில் அச்சின் எண் இருந்தது. உடன் வந்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

கதவு இடுக்கு வழியாகக் குரல் கேட்டது.

"பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்."

"பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்."

"உறுதி," என்றார் பயிற்சி மருத்துவர். அந்தக் குரலில் உறுதி இல்லை.

கம்பி பிளாஸ்டருக்குள் எப்படிப் போகும்? போகவில்லை. ரத்தமும் வரவில்லை. நான்காவது படிவம் வெளியே வந்தபோது கறைக்காரர் அதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து, முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த வாரம் இரண்டு மாணவர்கள் அச்சின் பற்களுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டர் மேடுகளைச் சுரண்டி எடுத்து மெருகேற்றினார்கள். என் வாயில் கல் படிந்திருந்ததால் அச்சிலும் அந்த மேடுகள் விழுந்திருந்தன. இப்போது அதில் இல்லை. என் வாயில் இருந்தன. 'நோயாளி சிறப்பாக ஒத்துழைக்கிறார்' என்று கோப்பில் எழுதினார்கள்.

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது கோப்பு முடிக்கும் விழா என்று கடிதம் வந்தது.

"போயி கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிட்டு வா," என்றாள் அக்கா. "கோப்பு மூடினா தெருமுனைக்காரரு பாப்பாருல்ல?"

எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனால் போவதற்கு முன் இருபத்தாறாவது விதியைப் படித்துவிட்டேன். குணமானதாக முடித்த கோப்புக்குரிய வாயில் ஒரு வருடத்துக்கு எந்த மருத்துவரும் ஈறு சிகிச்சை செய்யக் கூடாது. துறையின் குணத்துக்குக் களங்கமாம். கையெழுத்துப் போட்டால் பல் போகும். போடாவிட்டால் கோப்பு மூடாது, அப்போதும் பல் போகும். பேருந்தில் போகும்போது முப்பத்தோரு விதிகளையும் திரும்பப் படித்தேன். பதினான்காவது விதியில் விரல் வைத்தபோது வண்டி குலுங்கியது. நான் பல்லைப் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் நிறையப் பேர். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் என் அச்சு. துறைத் தலைவர் பேசினார்.

"இந்த நோயாளி ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. வலிக்கிறது என்று சொன்னதில்லை. ஒரு கேள்வி கேட்டதில்லை. எதிர்காலத்தில் எல்லா நோயாளிகளும் இப்படி ஆகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் நாங்கள் உழைக்கிறோம். பதினாறு ஆண்டுகளில் எங்கள் முதல் முழுக் குணம் இது!"

பெரிய கைதட்டல். என்னை மேடைக்கு அழைத்தார்கள். படிவத்தின் அடியில், 'என் வாயும் இந்த அச்சும் ஒன்றே' என்று இருந்தது. கறைக்காரர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

நான் தவறாகப் படித்திருக்கலாம். விதிகளைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் சொன்னேன்.

"ஒண்ணா இல்லயே சார்."

"என்ன?"

"பதினாலாவது விதி சார். அச்சும் வாயும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபாடு காணப்பட்டால் உடனே திருத்தப்படும்." வாயைத் திறந்து காட்டினேன். "அச்சுல பல்லுக்குப் பின்னாடி சுத்தமா இருக்கு. என் வாயில கல் அப்படியே இருக்கு. உள்ளயும் இருக்கு."

துறைத் தலைவர் என் வாய்க்குள் பார்த்தார். இத்தனை வாரத்தில் அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"வேறுபாடு," என்றார் மெதுவாக. நோய் என்று சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

மேடையிலேயே கூட்டம் போட்டார்கள். இரண்டில் எதைத் திருத்துவது? "அச்சுல திரும்ப மேடு ஒட்டிடலாம் சார். பிளாஸ்டர் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பத்து நிமிஷ வேலை," என்றார் கறைக்காரர். பலர் தலையாட்டினார்கள். பாகைமானிக்காரர் கையையே தூக்கிவிட்டார். நான் பல்லை நாக்கால் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"சார்," என்றார் பயிற்சி மருத்துவர். அவர் அந்தக் கூடத்தில் பேசியது அந்த ஒரு தடவைதான். "அச்சோட படம் ஆண்டு மலர்ல அச்சாயிடுச்சு. மேடு ஒட்டினா அச்சும் மலரும் ஒத்து வராதே."

துறைத் தலைவர் கண்ணை மூடி யோசித்தார். மலர் இரண்டாயிரம் பிரதி. வாய் ஒன்றுதான்.

"வாயைத் திருத்துங்கள்," என்றார்.

அன்று மதியமே நாற்காலியில் படுத்தேன். இது சிகிச்சை இல்லை, திருத்தம். ஆகையால் படிவம் கிடையாது, நெஞ்சின் மேல் காகிதம் கிடையாது, ரத்தம் எங்கே விழுந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. பயிற்சி மருத்துவர் ஊசி போட்டார். உதடு தலையணைபோல் மரத்தது. முதலில் ஆடும் பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டினார். பிறகு வளைந்த முனையுள்ள கருவியை ஈறுக்குள் இறக்கினார். எலும்புக்குள் யாரோ பாத்திரம் சுரண்டுவதுபோல் சத்தம். கறுப்பாக, மிளகு அளவில் கற்கள் தட்டில் விழுந்தன.

"இதெல்லாம் உங்களோடதுதான்," என்றார். "எண்ணிப் பாக்கணுமா?"

எனக்கு எண்ணத் தோன்றியது. கேட்க வெட்கமாக இருந்தது.

நான்கு முறை போனேன். பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷைக் கொடுத்து, எப்படி விடுவது என்று கண்ணாடியில் காட்டித் தந்தார். பாகை எதுவும் சொல்லவில்லை. "ரத்தம் வருதேன்னு நிறுத்தாதீங்க. நிறுத்தினாத்தான் வரும்," என்றார். பத்தாவது நாள் துப்பியதில் சிவப்பு இல்லை. நோட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, விளக்கைப் போட்டு இன்னொரு முறை துப்பிப் பார்த்தேன். இல்லைதான்.

தேர்வு நாளன்று மைக்கில் வெள்ளைப் பஞ்சுறை மாட்டியிருந்தது. "தயவுசெய்து கவனிக்கவும்," என்று தொடங்கினேன். காற்று ஒழுகவில்லை. முடித்துவிட்டுப் பஞ்சுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "மைக்குல என்னப்பா தேடுற, அடுத்த ஆள விடு," என்றது. எட்டு நாளில் முடிவு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர வேண்டும்.

சேர்வதற்கு ஐந்து நாள் இருக்கையில் இன்னொரு கடிதமும் வந்தது. அக்கா அதை நின்றபடியே படித்தாள்.

"தூசு தட்டும்போது அச்சு கீழ விழுந்துடுச்சாம். மேல் முன்பல்லு, இடது பக்கம், உடைஞ்சு போச்சாம். பதினாலாவது விதிப்படி வாயத் திருத்தணுமாம். வியாழக்கிழம பத்து மணிக்கு." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அடப்பாவி, நீ எடுத்துக் குடுத்த விதிடா இது."

போகாமல் இருந்துவிடலாமா என்றால், முப்பதாவது விதி. திருத்தத்துக்கு வராதவரின் பெயர் அவர் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பப்படும். புதிய வேலையில் முதல் நாளே அந்தக் கடிதமும் நானும் ஒன்றாகப் போய் நிற்போம்.

வியாழக்கிழமை அக்காவும் கூட வந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. தட்டில் குறடு வைத்திருந்தார்கள். பயிற்சி மருத்துவர் சுவரோரம் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கறைக்காரர் எப்போதும் கேட்கும் அதே கேள்வியை, நோட்டிலிருந்து தலை தூக்காமலேயே கேட்டார்.

"உடன் வந்தவர் யாரு?"

"நாந்தாங்க, அக்கா," என்றாள் அக்கா.

எனக்கு நோட்டின் இரண்டு கட்டங்களும் தெரிந்தன. நாக்கு பல்லைத் தொட்டது. அது அசையவே இல்லை.

"நானும்தான் சார்," என்றேன்.

கறைக்காரர் தலை தூக்கினார். "ஒரு நோயாளிக்கு ஒருத்தர்தான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "சரி, நான் வெளிய நிக்கிறேன். இவன்தான் எப்பவும் வர்றவன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"நோயாளி எங்க?" என்றார் துறைத் தலைவர் பொறுமை இழந்து.

"உள்ள இருக்காரு சார். கண்ணாடிப் பெட்டியில."

கறைக்காரர் பழைய பக்கங்களைப் புரட்டினார். நோயாளி, அச்சின் எண். உடன் வந்தவர், என் கையெழுத்து. அச்சு வந்ததிலிருந்து ஒரு வாரம் விடாமல் அப்படியே இருந்தது. எங்கும் கறை இல்லை. அந்தப் பக்கங்களில் தவறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அச்சை எடுத்து வந்து நாற்காலியில் வைத்தார்கள். பயிற்சி மருத்துவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எடுக்க வேண்டிய பல்லு ஏற்கனவே இல்ல சார்," என்றார்.

"இல்லை," என்று திருப்பிச் சொல்லி எழுதினார் கறைக்காரர்.

"உறுதி," என்றார் பயிற்சி மருத்துவர். இந்தத் தடவை குரலில் உறுதி இருந்தது.

துறைத் தலைவர் கோப்பை மூடினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பார்வையிட வேண்டும், உடன் வந்தவர் தவறாமல் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். உடன் வந்தவர்களின் பல்லைப் பற்றி விதி எதுவும் இல்லை. முப்பத்தொன்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். இன்று மாலை இன்னொரு முறை படிப்பேன்.